அதிகாரம் ஒன்றுக்கே: ஏன்? எப்படி?

2015 டிசம்பர் பெருமழையில் அடையாறு கரை மீறி, தாம்பரத்தை அடுத்த முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் மூழ்கிய நாட்களில், அங்குள்ள உறவினர் ஆபத்திலிருக்கிறாரா, தொலைபேசித் தொடர்பு மட்டும் அறுந்ததா என்று வெளியூரிலிருந்தவர்களால் நிச்சயிக்க இயலவில்லை. சோழிங்கநல்லூரிலும் சிறுசேரியிலும் சர்வர்களைப் பரிபாலிக்கும் பொறியாளர்களுக்கோ, பதிலளிக்காத சர்வரைப் பற்றிய இந்தச் சந்தேகம் நித்தியப் பிரச்சினை.

சம்பளப் பட்டுவாடா போன்ற காரியத்தை ஒரே சர்வர்தான் செய்யவேண்டும்; அது வீழ்ந்தால் மற்றொன்று பொறுப்பேற்கவேண்டும். மௌனத்தை மரணமென்று கொண்டு இரண்டாவது எழுந்துவிட்டால், சம்பளம் இருமுறை போய்விடும் (பெற்றவர் புகார் செய்யமாட்டார் என்பது வேறு விஷயம்). ஆகவே, சம்மதம் தருவதற்கென வைத்த மூன்று கணினிகளில் இரண்டின் சம்மதம் பெற்றதற்கே அதிகாரம் என்பது விதி. ஒவ்வொன்றும் ஒரு சமயத்தில் ஒன்றுக்கே சம்மதிக்குமாதலால், இரு பெரும்பான்மைகள் அமைய வழியில்லை. அந்த அதிகாரமும் சில விநாடிக் குத்தகையே.

எனினும், குத்தகை பெற்ற சர்வர் இடையில் ஸ்தம்பித்து, தன் காலம் முடிந்ததறியாமல் விழித்து மீண்டும் எழுதத் தொடங்கலாம் என்பதே இதிலுள்ள சூக்ஷ்மம். அதனால், 2006-இல் கூகுளின் மைக் பரோஸ் விவரித்த சப்பி என்னும் பூட்டுச் சேவையில், பூட்டு (அதாவது, அந்த அதிகாரம்) கைமாறுந்தோறும் அதன் எண் ஏறுகிறது. கட்டளையோடு அவ்வெண்ணும் செல்வதால், 34-ஐக் கண்ட சேமிப்பகம், பிந்தி வரும் 33-இன் கட்டளையை நிராகரித்துவிடலாம். இச்சோதனை செய்யத் தெரியாத பழைய சேமிப்பகங்களுக்காக, தொடர்பிழந்தவரிடமிருந்து விடுபட்ட பூட்டைச் சிறிது நேரம், அதிகபட்சம் ஒரு நிமிடம், எவருக்கும் கொடாமல் நிறுத்திவைத்தார்கள். அது பூரண பரிகாரமன்று என்பதைப் பரோஸே ஒப்புக்கொண்டிருக்கிறார்.