புளித்த மாவும் புளித்துப்போன மாவும்

சென்ற கோடையில் பூதலூரில் உறவினர் இல்லம் ஒன்றில் நாம் தங்கியிருந்தபோது, காலையில் அடுக்களைப் பேச்சு ஒன்று செவியில் விழுந்தது. “அத்தை, மாவு புளிச்சிடுச்சு, இட்லி ஊத்தட்டுமா?” என்றாள் மருமகள். மாமியார் மூடியைத் திறந்து முகர்ந்தார். “இது புளிச்சது இல்லம்மா, புளிச்சுப்போச்சு” என்றார்.

வினைச்சொல் ஒன்றே. ‘போ’ என்னும் துணைவினை ஒட்டியவுடன் உண்ணத்தக்கது தகாததாயிற்று! செல்லுதல் என்னும் தன் பொருளை இழந்த அச்சொல், நேர்ந்தது விரும்பத்தகாதது என்னும் பேசுவோர் மனநிலையைக் காட்டுகின்றது. ஊசிப்போயிற்று, அழுகிப்போயிற்று, கெட்டுப்போயிற்று என்பனவும் அவ்வாறே. மொழியியலறிஞர் இ. அண்ணாமலை 1985-இல் வெளியிட்ட ஆங்கில நூலில் இத்தகைய துணைவினைகளை ஆராய்ந்துள்ளார். இலக்கணம் என்பது சொற்களைக் கோக்கும் விதிகளே என்பாரும், பேசுவோர் கருத்தும் சூழலும் அதனுள் அடங்கும் என்பாரும் மொழியியலில் உளர். பூதலூர் அடுக்களை இரண்டாம் கட்சிக்கே சான்று கூறும் போலும். பூண்டித் திருத்தலத்தோடு இணைத்துப் பேசப்பெறும் வீரமாமுனிவர், செந்தமிழுக்கு மட்டுமன்றி மக்கள் வழங்கும் தமிழுக்கும் தனியே ஓர் இலக்கணம் இலத்தீனில் யாத்தார். அது 1738-இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று.

மாவு தானாகவா புளிக்கிறது? ‘மாவு புளித்தது’, ‘சோறு கெட்டது’ என்று நாம் சொல்வனவெல்லாம் தன்வினைகள். ‘சோற்றைக் கெடுத்தது’ என்னும் பிறவினைக்கோ கெடுத்தது எது என்று ஓர் எழுவாய் வேண்டும். அந்த எழுவாயைக் காட்டியவர் லூயி பாஸ்டர். பால் புளிப்பது உயிருள்ள நுண்ணுயிர்களின் செயல் என்று அவர் 1857-இல் எடுத்துரைத்தார். நம் இட்லி மாவில் லியூக்கோநாஸ்டாக் முதலிய நுண்ணுயிர்கள் வாயுவை வெளியிட்டு மாவைப் பொங்கச் செய்கின்றன. அவை உண்டாக்கும் அமிலம் தீய கிருமிகள் பலவற்றைத் தலையெடுக்க விடுவதில்லை. பழைய சோற்றுக்கும் ஓரளவு காவல் அப்புளிப்பே. யாத்திரைக்குப் புளியோதரை கட்டிச் சென்ற நம் பாட்டிமார் பாஸ்டரைப் படித்தவர்கள் அல்லர்!

ஆனால் மூக்கையும் அதனைப் பின்பற்றும் மொழியையும் ஏமாற்றும் கிருமி ஒன்றுண்டு. பேசில்லஸ் சீரியஸ் என்பது அதன் பெயர். மண்ணிலும் நெல்லிலும் இயல்பாகவே இருப்பது. அதன் வித்துகள் சோறு கொதிக்கும்போதும் மாய்வதில்லை. வடித்த சோறு வெதுவெதுப்பாய் நெடுநேரம் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உமிழும். சோற்றில் நாற்றமோ நூலோ தோன்றுமுன்னரே நஞ்சு சேர்ந்துவிடக்கூடும். வாந்தியை உண்டாக்கும் அந்நஞ்சு மீண்டும் சுட வைத்தாலும் அழியாது. பின்னர் ஏற்றும் புளிப்பாலும் நீங்காது. உண்ட 1 முதல் 6 மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கும். பெரும்பாலோர் ஒரு நாளில் தேறிவிடுவர். குழந்தைகளும் முதியோரும் மிகவும் வாடிப்போவர். மிகவும் புளித்த மாவு பெரும்பாலும் நாவைத்தான் வருத்தும். அதற்கு நம் மொழி உரத்து எச்சரிக்கிறது. வயிற்றை வருத்தும் சோற்றுக்கோ, ‘ஊசவில்லை’ என்று நற்சான்று வழங்கிவிடுகிறது.

மே மாதத்தில் பூண்டித் திருவிழாவுக்கு வருவோர் பலர் பூதலூர் நிலையத்தில் இறங்குகின்றனர். திருவிழாக் காலங்களில் நம் பங்குகளில் அண்டா அண்டாவாகச் சாம்பார் சாதம் கிளறி, பொட்டலம் கட்டி வைப்பது வழக்கம். பெரிய அண்டாவின் நடுப்பகுதி பல மணி நேரம் ஆறாது. கிருமிக்கு அதனினும் ஏற்ற இடம் வேறில்லை. சமைத்த உணவை 60 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் வைக்க வேண்டும், அல்லது 5 பாகைக்குக் கீழே குளிர்விக்க வேண்டும், வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் விடலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அகன்ற தட்டுகளில் மெல்லியதாய்ப் பரப்பினால் சோறு விரைவில் ஆறும். விடியற்காலையில் ஒரே மூச்சாய்ச் சமைத்துவிடாமல், பந்திக்குப் பந்தி சமைப்பது உழைப்பு மிகுந்ததே, எனினும் செய்யத்தக்கது.

அன்று மாலை 5 மணிக்கு, காலையில் வடித்த சோற்றை அந்த மாமியார் முகர்ந்து பார்த்து, “ஊசலை, நல்லாத்தான் இருக்கு” என்றார். நாம் கடிகாரத்தைக் காட்டிச் செய்தியை விளக்கினோம். நெல் விளைத்த வீட்டில் சோற்றைக் கொட்டுவது எளிதன்று. சற்று நேரம் பானையைப் பார்த்தபடி நின்றார். பிறகு, “நாளைக்கு ஒரு ஆழாக்கு குறைச்சுப் போடும்மா” என்று மருமகளிடம் கூறிவிட்டுக் கொல்லைப்புறம் சென்றார்.