யாருக்கு மலிவு? போர்ச்சுகலின் விசாவும் வாடகையும்

தொலைவிலிருந்து கணினி வழியே வேலை பார்ப்பவர்கள், ஐரோப்பாவில் மலிவான நாடு எது என்றால் போர்ச்சுகலைக் கைகாட்டுகிறார்கள். சம்பளம் லண்டனிலிருந்தோ கலிபோர்னியாவிலிருந்தோ வரும், குடியிருப்பு லிஸ்பனில். 'மலிவு' என்பது ஏதோ அந்த மண்ணில் தானாக விளைகிற சரக்கு மாதிரி பேசப்படுகிறது. உண்மையில் அது இரண்டு கூலிகளுக்கு இடையிலான ஓர் உறவு.

இதை நாம் சொல்ல வேண்டியதில்லை, சட்டமே சொல்லிவிடுகிறது. 2022 அக்டோபரில் வந்த 'டிஜிட்டல் நாடோடி' விசாவுக்கு, அந்நாட்டுக் குறைந்தபட்சக் கூலியைப்போல் நான்கு மடங்கு மாத வருமானம் வேண்டும். அவ்வாண்டு அக்கூலி 705 யூரோ. நான்கு மடங்கு 2,820. லிஸ்பனில் தட்டு கழுவுகிறவளும் இந்த நான்கு மடங்குக்காரரும் ஒரே வீட்டுக்கு வாடகை பேசினால் யாருக்குக் கிடைக்கும் என்று கேட்கவா வேண்டும்?

உழைப்புச் சக்தியின் விலை ஓரிடத்தில் தீர்மானமாகிறது; அதன் மறுஉற்பத்தி, அதாவது சோறு, தூக்கம், கூரை, இன்னோரிடத்தில் நடக்கிறது. இடையில் மிஞ்சுவதுதான் 'மலிவு'. அந்த மிச்சத்தில் வீட்டுக்காரன் பங்கு கேட்கிறான். வாடகை ஏறுகிறது.

ஆனால் நாடோடியை மட்டும் குற்றவாளியாக்கிவிட்டால் விஷயம் முடிந்துவிடாது. அவர் கடைசியில் வந்தவர். 2009லேயே சில தொழில்களில் புதிதாகக் குடியேறுவோருக்குப் பத்தாண்டுகளுக்கு 20 சதவீத வரி என்று சலுகை தந்தாயிற்று. 2011இல் ஐரோப்பிய ஒன்றியமும் சர்வதேச நிதியமும் 7,800 கோடி யூரோ கடன் தந்தபோது வாடகைச் சட்டத்தைத் தளர்த்துவதும் நிபந்தனைகளில் ஒன்று. 2012இல் அப்படியே சட்டம் வந்தது. பழைய குடித்தனக்காரர்களை வெளியேற்றுவது எளிதாயிற்று. அதே ஆண்டு, வீடு வாங்கும் அந்நியருக்குத் 'தங்க விசா'. அல்ஃபாமா போன்ற பழைய பேட்டைகளில் வீடுகள் சுற்றுலா விடுதிகளாயின. 1976ஆம் ஆண்டு அரசியல் சாசனத்தின் 65ஆம் பிரிவு எல்லோருக்கும் வீட்டுரிமை தருகிறது. அது பாட்டுக்கு இருக்கு.

வீடு வாங்கித் தங்க விசா பெறும் வழி 2023இல் மூடப்பட்டது. அந்த வரிச்சலுகை 2024இல் புதியவர்களுக்கு நிறுத்தப்பட்டது. ஏறிய வாடகை இறங்கவில்லை.

'அந்நியர்' என்ற சொல்லையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 2023 பிப்ரவரியில் மொராரியா பேட்டையில், தெற்காசியத் தொழிலாளிகள் நெருக்கியடித்து வாழ்ந்த ஒரு கட்டிடம் தீப்பிடித்து இருவர் இறந்தார்கள். இவர்களும் குடியேறியவர்கள்தான், நகரத்துக்குச் சோறு சுமப்பவர்கள். இவர்களுக்கு லிஸ்பன் ஒருபோதும் மலிவாக இருந்ததில்லை.

2023 ஏப்ரல் 1 அன்று ஆயிரக்கணக்கானோர் வீடு கேட்டுத் தெருவுக்கு வந்தார்கள். அந்தக் கோபம் சட்டத்தையும் சொத்தையும் நோக்கித் திரும்பலாம். மொராரியாவின் கூலிக்காரனை நோக்கியும் திருப்பிவிடப்படலாம். 2025 மே தேர்தலில் குடியேறிகளை எதிர்க்கும் ஷேகா கட்சி நாடாளுமன்ற இடங்களில் இரண்டாவதாக வந்தது. வாடகையைப் பற்றிப் பேசவேண்டிய இடத்தில் நிறத்தைப் பற்றிப் பேசுவது எப்போதும் சுலபம். வீட்டுரிமை இயக்கம் எதிர்கொள்ள வேண்டிய அரசியல் இதுதான்.