தொப்பி எங்கே போனது?

ஒரு தனியாவர்த்தனப் பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். மியூசிக் அகாடமியில் பதிவானதோ, நாரத கான சபாவில் பதிவானதோ, எதுவானாலும் சரி. காதுக்குள் நுழையும் இயர்போனில் அதைக் கேளுங்கள். மிருதங்கத்தின் வலந்தலைச் சொற்கள் ஒவ்வொன்றும் துல்லியமாக விழும். ஆனால் இடது பக்கத் தோலான தொப்பியைக் கை அழுத்தி இழுக்கும் கும்கி, நெஞ்சில் வந்து தொட வேண்டிய அந்த நாதம், அட்டைப்பெட்டியைத் தட்டியதுபோல் வறண்டு கேட்கலாம். அப்படிக் கேட்டால் இயர்போனை விரலால் லேசாக உள்ளே அழுத்திப் பாருங்கள். தொப்பி திரும்பி வந்துவிடும். விரலை எடுத்தால் மறுபடி போய்விடும்.

பதிவில் குறையில்லை. இயர்போனிலும் குறையில்லை. அதன் முனையில் மாட்டியிருக்கும் ரப்பர்தான் காரணம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் அதை ரப்பர் என்று கேட்டாலும் இயர்டிப் என்று கேட்டாலும் எடுத்துப் போடுவார்கள். பெரும்பாலும் சிலிக்கோனில் செய்தது. இன்-இயர் மானிட்டர், சுருக்கமாக ஐ.இ.எம்., வாங்குகிறவர்கள் உள்ளே ஒலி எழுப்பும் டிரைவர் எத்தனை, என்ன கம்பி என்று நாள்கணக்கில் விவாதிக்கிறார்கள். பெட்டியோடு வரும் மூன்று ஜோடி டிப்களில் எது தன் காதுக்குப் பொருந்துகிறது என்று பத்து நிமிடம் உட்கார்ந்து பார்ப்பவர்கள் குறைவு. இருபதாயிரம் ரூபாய் ஐ.இ.எம்., பொருந்தாத டிப்போடு, பொருந்திய டிப் மாட்டிய இரண்டாயிரம் ரூபாய் ஐ.இ.எம்.மிடம் தோற்றுப்போகும். இதை உறுதியாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதன் பின்னால் இருப்பது ரசனை அல்ல, இயற்பியல்.

60 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் காற்றில் ஏறக்குறைய ஆறு மீட்டர். நம் காதுக் குழாயின் நீளமோ சுமார் இரண்டரை சென்டிமீட்டர். ஆறு மீட்டர் அலை அதற்குள் அலையாக ஓடுவதற்கு இடமே இல்லை. அங்கே நடப்பது வேறு. டிப்புக்கும் செவிப்பறைக்கும் நடுவில் அடைபட்டிருக்கும் காற்று ஏறத்தாழ ஒரு மில்லிலிட்டர்தான். இயர்போனின் சவ்வு அந்தக் காற்றை அழுத்துகிறது, விடுகிறது. செவிப்பறையும் கூடவே அசைகிறது. அந்தச் சிறு காற்றறை மூடியிருந்தால் கடுகளவு அசைவே போதும்.

ஓரத்தில் ஒரு மயிரிழை இடைவெளி விழுந்தால் கதை மாறிவிடும். 60 ஹெர்ட்ஸில் ஒரு அழுத்தம் நீடிப்பது 8 மில்லி விநாடிக்கு மேல். அந்த நேரத்துக்குள் காற்று இடுக்கு வழியாக வெளியேறிவிடும். 3,000 ஹெர்ட்ஸிலோ ஒரு அழுத்தம் மில்லி விநாடியில் ஆறில் ஒரு பங்குதான் நிற்கிறது, கசிவதற்கு அவகாசமில்லை. அதனால்தான் கசிவு எல்லா ஒலியையும் சமமாகக் குறைப்பதில்லை. வயலின் அப்படியே இருக்கும், தொப்பி மட்டும் பத்து, இருபது டெசிபல் இறங்கிப் போகும். செயலியில் பேஸை ஏற்றிச் சரிசெய்ய முயல்வது வீண் வேலை. ஏற்றியதும் அதே வழியாகத்தான் போகும்.

இந்த அறிவெல்லாம் பாட்டுக் கேட்பவர்களுக்காகப் பிறந்ததல்ல, காது கேளாதவர்களுக்காகப் பிறந்தது. வீட்டில் பெரியவர்கள் காது மெஷின் போட்டிருந்தால் அது திடீரென்று 'கீ' என்று கத்துவதைக் கேட்டிருப்பீர்கள். காதில் பொருந்த வேண்டிய அச்சு தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். பெருக்கப்பட்ட ஒலி ஓரமாகக் கசிந்து மைக்குக்கே திரும்பிப் போய், மறுபடி பெருகி, சுற்றிச் சுற்றிக் கத்துகிறது. சத்தத்தைக் குறைத்தால் கத்தல் நிற்கும், ஆனால் பேச்சும் கேட்காமல் போகும். அடையாற்றில் 1969 முதல் இயங்கிவரும் பால வித்யாலயா, செவித்திறன் குறைந்த சின்னஞ்சிறு குழந்தைகளுக்குக் கேட்கவும் பேசவும் கற்றுத்தரும் பள்ளி. அந்த வயதில் காது வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பு கச்சிதமாக இருந்த அச்சு சில மாதங்களில் தளர்ந்துவிடும். 'ச'வுக்கும் 'த'வுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு குழந்தை கேட்கிறதா இல்லையா என்பது அந்தச் சிறு வார்ப்பின் பொருத்தத்தில் வந்து நிற்கிறது. நமக்கு இது சௌகரியம். அவர்களுக்கு மொழியே இதுதான்.

இன்றைய ஐ.இ.எம்.களில் உள்ள பாலன்ஸ்டு ஆர்மேச்சர் என்ற நுண்ணிய டிரைவர் காது மெஷினிலிருந்து வந்தது. காது மெஷின் பாகங்கள் செய்யும் அமெரிக்க நிறுவனமான நோல்ஸில் பணியாற்றிய மீட் கில்லியன் 1983இல் எட்டிமோட்டிக் ரிசர்ச் நிறுவனத்தைத் தொடங்கி, 1991இல் ஈ.ஆர்.-4 என்ற இயர்போனைக் கொண்டுவந்தார். மூன்று அடுக்கு விளிம்பு வைத்த அதன் டிப் காதுக்குள் ஆழமாக இறங்கும். சிலருக்கு அது தாங்காது. தாங்குபவர்களுக்கு வெளிச்சத்தம் கிட்டத்தட்ட அறுந்துபோகும்.

ஆழம் என்பது கசிவைவிடச் சுவாரசியமான விஷயம். அதற்கு மிருதங்கத்தை விட்டுத் தம்பூராவுக்கு வர வேண்டும்.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சி.வி. ராமன், நோபல் பரிசுக்கு முன்பே நம் வாத்தியங்களை ஆராய்ந்தவர். மிருதங்கம், தபலாவில் பூசும் கருப்புச் சாதம் தோலின் ஒழுங்கற்ற அதிர்வுகளை எப்படி இசைத்தன்மை கொண்ட ஹார்மோனிக் வரிசையாக மாற்றுகிறது என்று 1920இல் நேச்சர் இதழில் எழுதினார். அடுத்த ஆண்டு, வீணை, தம்பூராவைப் பற்றி எழுதினார். கம்பியை எந்த இடத்தில் மீட்டினால் எந்த மேற்சுரம் வரக் கூடாது என்று அப்போதைய விதி சொன்னதோ, அதுவே தம்பூராவில் பலமாக வருகிறது என்று காட்டினார். வளைந்த குதிரையும், கம்பிக்கு அடியில் செருகும் ஜீவாளி நூலும் செய்யும் வேலை அது. நாம் ரீங்காரம் என்று உணர்வதெல்லாம் அந்த மேற்சுரங்கள்தான். ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸ் உயரம் வரை அவை அடுக்காக ஏறுகின்றன. தொப்பி அடியைச் சோதிக்கிறது என்றால், தம்பூரா உச்சியைச் சோதிக்கிறது. இயர்டிப்புக்கு இதைவிட நல்ல பரீட்சை ஜோடி எனக்குத் தெரியவில்லை.

திறந்த காதுக் குழாய்க்கு என்று ஒரு சொந்த ஒத்ததிர்வு உண்டு. 3,000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டார ஒலியை அது பத்து டெசிபலுக்கு மேல் தூக்கிக் கொடுக்கும். டிப்பைச் செருகியதும் அந்தத் தூக்கல் போய்விடுகிறது. நல்ல ஐ.இ.எம். செய்பவர்கள் அதைத் தங்கள் வடிவமைப்பிலேயே திருப்பி வைக்கிறார்கள். ஆனால் அடைத்த குழாயில் புதிதாக இன்னொரு ஒத்ததிர்வு முளைக்கிறது. அது எங்கே முளைக்கும் என்பது டிப்புக்கும் செவிப்பறைக்கும் உள்ள தூரத்தைப் பொறுத்தது. தூரம் 20 மில்லிமீட்டர் என்றால், கணக்குப்படி சுமார் 8,700 ஹெர்ட்ஸ். கொஞ்சம் ஆழமாகப் போய் 15 மில்லிமீட்டர் ஆனால் 11,600க்கு ஏறிவிடும். பாடகியின் 'ச', 'ஸ' ஒலிகளின் உரசலும் ஜால்ராவின் கூர்மையும் நிறைந்திருப்பது முதல் எண்ணின் அக்கம்பக்கத்தில்தான். பெரிய டிப் காது வாசலிலேயே முட்டிக்கொண்டு நின்றால், ஒவ்வொரு 'ஸ'வும் ஊசியாகக் குத்துவது இதனால்தான். ஒரு அளவு சிறிய டிப் உள்ளே போய் உட்கார்ந்தால் அந்தக் குத்தல் மேலே நகர்ந்து, தம்பூராவின் ரீங்காரம் மட்டும் நிற்கும். விமர்சகர்கள் வெளியிடும் ஐ.இ.எம். ஒலி வரைபடங்கள், சர்வதேசத் தரப்படி செய்த உலோகச் செவியில், ஒரு குறிப்பிட்ட ஆழத்தில் அளந்தவை. உங்கள் காதின் ஆழம் அந்த வரைபடத்தில் இல்லை.

டிப்பின் துளையும் கணக்கில் வரும். அகன்ற துளை பெரும்பாலும் மேற்சுரங்களைத் தாராளமாக விடும், குறுகியது கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். ஃபோம் டிப்பும் உச்ச ஒலிகளைச் சற்று மழுக்கும். கூசும் ஐ.இ.எம்.முக்கு அது மருந்து. ஏற்கெனவே மந்தமாக ஒலிப்பதற்கு அது வேண்டாம்.

பாடுகிறவர்களின் கஷ்டம் வேறு. இரண்டு காதையும் விரலால் இறுக மூடிக்கொண்டு முதலில் அகாரத்திலும் பிறகு ஈகாரத்திலும் ஒரே சுரத்தைப் பிடித்துப் பாருங்கள். ஈகாரம் மண்டைக்குள் அதிகமாக முழங்கும். நம் குரல் எலும்பு வழியாகவும் காதுக்கு வருகிறது. குழாயின் வெளிப்பகுதியில் உள்ள குருத்தெலும்புச் சுவரை அது அதிர வைக்கிறது. காது திறந்திருந்தால் அந்த அதிர்வு வெளியே போய்விடும். அடைத்தால் உள்ளேயே மாட்டிக்கொண்டு, தாழ்ந்த ஒலிகளை இருபது டெசிபல் வரைகூட ஏற்றிவிடும். ஃபோனில் சுருதிப் பெட்டி செயலியைப் போட்டு, இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு சாதகம் செய்யும் மாணவர்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும். உங்களுக்குக் கேட்பது உங்கள் குரல் அல்ல, அதன் முழக்கம். சுருதியைச் சின்ன ஸ்பீக்கரில் போடுங்கள், இல்லையென்றால் ஒரு காதையாவது திறந்து வையுங்கள்.

மேடையில் ஐ.இ.எம். வந்த காரணம் ராக் இசையின் இரைச்சல். 1995இல் ஜெர்ரி ஹார்வி என்ற ஒலிப்பொறியாளர், வான் ஹேலன் குழுவின் டிரம்மர் அலெக்ஸ் வான் ஹேலனுக்காகச் செய்துகொடுத்ததிலிருந்துதான் அல்டிமேட் இயர்ஸ் நிறுவனம் உருவானது. இன்று ஏ.ஆர். ரஹ்மான் கச்சேரியில் பாடகர்களின் காதுகளில் அதைப் பார்க்கிறோம். சபா மேடையில் இன்னமும் பெரும்பாலும் தரையில் வைத்த மானிட்டர் பெட்டிதான். பாடகர் முதல் உருப்படியின் நடுவே, தம்பூராவை ஏற்றச் சொல்லி மைக்காரருக்குக் கைகாட்டுவதும் தொடர்கிறது. அது அப்படியே இருக்கட்டும் என்பேன். பக்கவாத்தியக்காரரின் ஒரு 'பலே', முன்வரிசையிலிருந்து வரும் ஒரு 'ஆஹா' எல்லாம் காதில் விழுந்தாக வேண்டிய சங்கீதம் இது.

மறுபடி அந்த முழக்கத்துக்கு வருவோம். காதுக் குழாயின் உள்பகுதி எலும்பு. அங்கே சுவர் அதிராது, ஆகவே டிப் அதுவரை இறங்கினால் முழக்கம் குறையும். ஆனால் எலும்பின் மேல் போர்த்திய தோல் மிக மெல்லியது. கொஞ்சம் அழுத்தினாலே வலிக்கும். சிலருக்குக் குழாயைத் தொட்டாலே இருமல் வரும். வேகஸ் நரம்பின் ஒரு கிளை அங்கே ஓடுகிறது. ஆழம் போனால் ஒலி நன்றாகும், சௌகரியம் குறையும். இந்த இழுபறியில் நடுவில் நிற்கும் இடம் ஆளுக்கு ஆள் மாறும். ஒரே ஆளின் இரண்டு காதுக்கும்கூட மாறும். வலது காதுக்கு நடுத்தர அளவும் இடது காதுக்குச் சிறியதும் போடுவதில் தவறே இல்லை.

சென்னையின் புழுக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேர்வையில் சிலிக்கோன் வழுக்கும். மூடிய குழாயில் ஈரம் தேங்கினால் பூஞ்சைத் தொற்று வரலாம். நம் ஊரைப் போன்ற ஈரக் காற்று ஊர்களில் காது மருத்துவர்கள் அடிக்கடி பார்ப்பது அது. சிலிக்கோன் டிப்பைக் கழற்றி மிதமான சோப்பு நீரில் கழுவி நன்றாக உலர்த்தி மாட்டலாம். ஃபோமைக் கழுவக் கூடாது. வேர்வை குடித்துச் சில மாதங்களில் விறைத்துப்போகும், தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான். ஃபோமை மாட்டுவதற்கு முன் விரலில் உருட்டி மெலிதாக்கி, மறு கையால் காது மடலை மேலும் பின்னும் இழுத்துச் செருகி, விரியும் வரை அரை நிமிடம் பிடித்திருக்க வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை. ஒரு பக்கம் மட்டும் சத்தம் குறைந்தால், பழுது என்று முடிவுகட்டுவதற்கு முன் முனையில் உள்ள வலையில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். காதில் அரிப்போ கசிவோ இருந்தால் இயர்போனை வைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

நான் டிப்பைப் பற்றி இவ்வளவு வற்புறுத்துவதற்குப் பெரிய காரணம் செவியின் ஆயுள். திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறுகிறவரோ, பனகல் பார்க் சந்தடியில் பஸ்ஸுக்கு நிற்கிறவரோ, டிப் கசிந்தால் என்ன செய்வார்? சத்தத்தை ஏற்றுவார். காணாமல் போன தொப்பியைத் தேடி ஏற்றுகிறார், கூடவே மற்ற எல்லாமும் ஏறுகிறது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019இல் வெளியிட்ட தரம், பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் என்று வரம்பு வைக்கிறது. மூன்று டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகும்: 83இல் 20 மணி, 86இல் 10 மணி, 92இல் இரண்டரை மணிதான். நன்றாகப் பொருந்திய டிப் வெளிச்சத்தத்தை இருபது டெசிபலுக்கு மேல் தடுக்கும். அப்போது கையே தானாகச் சத்தத்தைக் குறைக்கும். அதே காரணத்தால் சாலையைக் கடக்கும்போதும் தண்டவாளத்தின் அருகிலும் அதைக் கழற்றித்தான் ஆக வேண்டும். வருகிற வண்டியின் சத்தமும் அந்த இருபதில் அடக்கம்.

எந்த டிப்பும் சரிவராதவர்களுக்குக் காதின் அச்சிலேயே வார்க்கும் வழி இருக்கிறது. காது மெஷினுக்கு அச்சு எடுக்கும் செவித்திறன் நிபுணர்கள்தான் இதற்கும் எடுக்கிறார்கள். நூல் கட்டிய சிறு பஞ்சை உள்ளே வைத்து, செவிப்பறைக்குப் பாதுகாப்பு செய்துவிட்டு, மென்மையான சிலிக்கோனைச் செலுத்துவார்கள். சில நிமிடங்களில் இறுகிவிடும். சுண்டுவிரலைக் காதில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்து மூடிப் பாருங்கள், தாடையோடு குழாயின் வடிவமும் மாறுவது தெரியும். முறுக்கு கடித்துக்கொண்டே பாட்டுக் கேட்கையில் பேஸ் வந்து வந்து போவது இதனால்தான். வாயை மூடி எடுத்த அச்சு, மேல் ஷட்ஜத்துக்கு வாய் திறக்கும்போது கசியக்கூடும். ஆகவே பாடுகிறவர் என்றால் நிபுணரிடம் முன்கூட்டியே சொல்லி, வாயைத் திறந்து வைத்த நிலையில் எடுக்கச் சொல்லுங்கள். உடல் எடை வெகுவாகக் கூடினாலோ குறைந்தாலோ காதும் மாறும். வார்ப்பு சரியாக உட்காரவில்லை என்றால் எத்தனை நாளுக்குள் திருத்தித் தருவார்கள் என்பதையும் பணம் கட்டும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.