பந்தாடிய தோள்

விடியற்காலை ஐந்தரை மணிக்குச் சென்னையிலோ, மதுரையிலோ, கோயமுத்தூரிலோ புறநகர் வீதிகளில் நடந்து செல்பவர்கள் ஒரு காட்சியைக் காணலாம். தகரக் கூரை போட்ட பெரிய கொட்டகை ஒன்று. வாசலில் வரிசையாக ஸ்கூட்டர்களும் மோட்டார் வண்டிகளும். உள்ளேயிருந்து 'டப், டப்' என்று இடைவிடாத ஓசை. எட்டிப் பார்த்தால், நாற்பது பிராயத்தைக் கடந்த வக்கீல்களும், பாங்கி உத்தியோகஸ்தர்களும், உபாத்தியாயர்களும், கம்ப்யூட்டர் இஞ்சினீயர்களும் மணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்து இறகுப் பந்தாடிக்கொண்டிருப்பார்கள். தேகாப்பியாசத்தை மறந்துவிட்ட நமது மத்தியதர வகுப்பார் மீண்டும் வியர்வை சிந்தத் தொடங்கியிருப்பது சந்தோஷமான விஷயம். அதிலும் இந்த ஆட்டம் நமக்கு அந்நியமானதன்று. 1873-ஆம் ஆண்டையொட்டிப் புனா நகரத்தில் இதற்கு விதிகள் வகுத்தார்கள். ஒரு காலத்தில் ஆட்டத்தின் பெயரே 'பூனா' என்று வழங்கிற்று. மஞ்சள் நிறக் கம்பளிப் பந்தைக் கொண்டு ஆடும் பூப்பந்தாட்டமோ நமது தஞ்சாவூரின் செல்வம்.

ஆனால், அன்று மாலை எலும்பு வைத்தியரின் வாசலுக்குப் போனால் அதே முகங்களில் சிலவற்றை அங்கும் காணலாம். வலக் கையை இடக் கையால் தாங்கிக்கொண்டு பெஞ்சியில் உட்கார்ந்திருப்பார்கள். கால் சுளுக்கியவன் நொண்டுகிறான்; ஊரார் கண்டு விசாரிக்கிறார்கள். தோள் கெட்டவனுக்கு வெளியே ஒன்றும் தெரிவதில்லை. சட்டைக்குள் கையை நுழைக்க முடியாது. தலை வார முடியாது. பஸ்ஸில் மேற்கம்பியைப் பிடிக்க முடியாது. இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது. இவ்வளவும் வீட்டாருக்கு மட்டுமே தெரிந்த துன்பம்.

தோள் மூட்டின் அமைப்பை அறிந்துகொண்டால் அதன்மேல் கோபம் வராது. இடுப்பில் தொடையெலும்பின் குமிழ் ஆழமான கிண்ணத்துக்குள் அடங்கி உட்கார்ந்திருக்கிறது. தோளிலோ, கிண்ணம் என்று சொல்வதே உபசாரம்; அது வெறும் அகல். சிற்றகலின்மேல் பெரிய எலுமிச்சம்பழத்தை வைத்தது போலப் புயத்தெலும்பின் குமிழ் அதில் சாய்ந்திருக்கிறது. குமிழின் ஒரு சிறு பாகமே எந்த நேரத்திலும் அகலைத் தொட்டுக்கொண்டிருக்கும். இந்தத் தளர்ச்சியினால்தான் நம்மால் தலைக்கு மேல் கையை வீசவும், முதுகுக்குப் பின்னால் முடிச்சுப் போடவும் முடிகிறது. உடம்பில் வேறெந்த மூட்டுக்கும் இத்தனை சுதந்திரம் கிடையாது. சுதந்திரம் உள்ள இடத்தில் காவல் வேண்டுமல்லவா? தோள்பட்டை எலும்பிலிருந்து புறப்பட்டு, குமிழை முன்னும் மேலும் பின்னும் கவிந்து பிடித்திருக்கும் நான்கு சிறு தசைகளே அந்தக் காவலர்கள். டாக்டர்கள் இவற்றை 'ரொட்டேட்டர் கஃப்' என்பார்கள். அவற்றுள் மேலே உள்ள தசையின் நார் ஓர் எலும்புக் கூரைக்கு அடியில் குறுகிய சந்து வழியாக வருகிறது. கையை உயர்த்திப் பந்தை ஓங்கி அடிக்கும்போதெல்லாம் அந்த நார் சிரமப்படுகிறது. நாற்பதுக்குமேல் நாரின் உறுதியும் குறையத் தொடங்குகிறது. பலநாள் சும்மா இருந்துவிட்டுத் திடீரென்று ஒரு வாரம் முழுதும் ஓங்கி அடித்தால் அது புண்படுகிறது. சில சமயம் கிழிந்தும் போகிறது.

இளைஞர்களுக்கு நேரும் துன்பம் வேறு. சடுகுடு ஆட்டத்தில் எதிரி கையைப் பிடித்து இழுக்கும்போதோ, கிரிக்கெட்டில் பாய்ந்து பந்து தடுக்கும்போதோ குமிழ் அகலைவிட்டே நழுவிவிடும். பெரும்பாலும் முன்புறமாகவே நழுவும். நமது பூர்விகர்களுக்கு இது தெரியாததன்று. சுசுருதர் தமது சம்ஹிதையில், விலகிய தோள் மூட்டுக்கு அக்குளில் உலக்கையைக் கொடுத்து உயர்த்தி, எலும்பு தன் இடத்தில் பொருந்திய பின் சுவஸ்திகக் கட்டுப் போடவேண்டும் என்று விதிக்கிறார். கிரேக்க வைத்தியராகிய ஹிப்பாக்கிரட்டஸும் அக்குளில் குதிகாலைக் கொடுத்துக் கையை இழுக்கும் முறையைச் சொல்லியிருக்கிறார். இதைப் படித்துவிட்டு நேயர்கள் யாரும் மைதானத்தில் உலக்கையைத் தேடவேண்டாம்! எலும்பு முறிந்திருக்கிறதா என்று அறியச் சுசுருதர் காலத்தில் எக்ஸ்ரே கிடையாது; நமக்கு இருக்கிறது. அக்குளின் வழியே நரம்பும் பெரிய இரத்தக் குழாயும் செல்லுகின்றன. அனுபவமில்லாத சிநேகிதன் இழுக்கிற இழுப்பில் அவையும் சேதமடையலாம். மேற்புயத்தின் வெளிப்புறம் மரத்துப் போயிருந்தால் நரம்புக்கு ஏதோ நேர்ந்திருக்கிறது என்று அறியலாம். கையை இருக்கிற நிலையிலேயே ஒரு துண்டால் கழுத்தோடு தாங்கலாகக் கட்டி, துணியில் சுற்றிய பனிக்கட்டியை ஒற்றி, உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்வதே மைதானத்தில் உள்ளவர்கள் செய்யத்தக்கது.

ஒரு முறை விலகிய தோள் இருபது வயதுக்கு உட்பட்ட பையனுக்கு மறுபடியும் விலகுவது மிகவும் சகஜம். அகலின் விளிம்பு பிய்ந்து போவதே காரணம். எனவே மறுபடி ஆடுவதற்கு முன் ரண சிகிச்சை வேண்டுமா என்பதை டாக்டரோடு கலந்து பேசவேண்டியது பெற்றோர்களின் கடமை. நாற்பதைக் கடந்தவருக்குத் தோள் விலகினாலோ வேறு அபாயம்: எலும்பு திரும்பப் பொருந்தியும் சில நாளில் கை தூக்க வரவில்லையென்றால், நார் கிழிந்திருக்கிறதா என்று தாமதமின்றிப் பரீட்சிக்க வேண்டும்.

எங்கள் பள்ளிக்கூடத்துக் கணித ஆசிரியருக்கு நேர்ந்ததை இங்கே சொல்லலாம். வயது நாற்பத்தாறு. பந்தை ஓங்கி அடித்த ஒரு நாள் தோளில் சுருக்கென்றது. தானே போய்விடும் என்று இரண்டு வாரம் ஆட்டத்தை நிறுத்தாமல் ஆடினார். அவருடைய கஷ்டத்தை முதலில் கண்டுபிடித்தவர்கள் வகுப்புப் பையன்கள்தாம். "ஸார் இப்பொழுதெல்லாம் போர்டில் கீழ்ப் பாதியிலேயே கணக்குப் போடுகிறார்" என்று பேசிக்கொண்டார்கள். மேல் பாதி வெறுமையாக இருந்தது. பிறகு உறவினர்களின் யோசனைப்படி கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டு ஒன்றரை மாதம் அசைக்காமலே வைத்திருந்தார். வலி குறைந்தது, ஆனால் கட்டை அவிழ்த்தபோது கை மார்புக்குமேல் எழும்பவில்லை. "ஸார், ஆட்டத்தில் பட்ட அடியைவிட இந்தக் கட்டுத்தான் எனக்கு அதிக வேலை வைத்திருக்கிறது" என்று சொல்லிவிட்டுத்தான் தேகப்பயிற்சி வைத்தியர் சிகிச்சையைத் தொடங்கினார்.

தோளின் விசித்திரம் இதுதான். ஓய்வு கொடுக்காவிட்டாலும் கெடுகிறது. ஓய்வு மிஞ்சினாலும் கெடுகிறது. முறிவோ, விலகலோ, ரண சிகிச்சையோ இருந்தால் கட்டு எத்தனை நாள் என்பதை டாக்டர் சொல்வார், அதை மீறலாகாது. வெறும் நார்ப்புண் என்றால், சில நாள் ஓய்வுக்குப் பின் மெல்ல அசைக்கத் தொடங்க வேண்டும். நல்ல கையை மேஜையில் ஊன்றிக் குனிந்து, நோயுற்ற கையைக் கிணற்று வாளி போலத் தொங்கவிட்டுச் சிறு வட்டமாக ஆட்டுவது முதல் பயிற்சி. சுவரில் விரல்களை நண்டு நடப்பதுபோல் ஏற்றுவது அடுத்தது. கணித ஆசிரியர் அன்றன்றைக்கு எட்டிய உயரத்தைச் சுவரில் சாக்குக் கட்டியால் குறித்து வைத்தார். அவருடைய மகள் பக்கத்தில் தேதி எழுதினாள். சில வாரங்களில் கோடு ஏறியது. சில வாரங்களில் நின்றது. ஒரு வாரம் இறங்கவும் செய்தது. இறங்கிய வாரத்தில்தான் அவருக்குத் துணை தேவைப்பட்டது என்று அவர் மனைவி சொல்லக் கேட்டிருக்கிறேன். கை ஓரளவு உயர்ந்தபின், முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து ரப்பர் பட்டையை வெளிப்புறமாக இழுக்கும் பயிற்சி. அந்தக் காவலர்களுக்குப் பலம் தரும் பயிற்சிகளில் இதுவும் ஒன்று. தோள்பட்டையைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தும் முதுகுத் தசைகளையும் மறக்கக் கூடாது. நார்ப்புண் ஆறுவதற்கு மூன்று மாதம் என்பது சாதாரணக் கணக்கு. இவருக்குப் போர்டின் மேல் பாதி வசப்பட ஐந்து மாதம் ஆயிற்று.

நீரிழிவு உள்ளவர்களும், நாற்பதிலிருந்து அறுபது வயதுக்குட்பட்ட ஸ்திரீகளும் ஒன்று கவனிக்க வேண்டும். இவர்களுக்குப் பெரிய அடி ஒன்றும் படாமலே தோள் இறுகிப்போவதுண்டு. 'உறைந்த தோள்' என்று இதற்குப் பெயர். நீங்குவதற்கு ஒரு வருஷமும் ஆகலாம், மூன்று வருஷமும் ஆகலாம். தைலத்தை மெதுவாகத் தடவிக்கொள்வதில் தோஷமில்லை. பிடித்து முறுக்கி இழுப்பது கூடாது. மற்றொன்று: ஆட்டத்தின் நடுவே இடத் தோளில் வலி தோன்றி, மார்பில் பாரமும் வியர்வையும் கண்டால் அது தோளின் வியாதியன்று, இருதயத்தை உத்தேசித்து அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்.

ஸ்கானில் கிழிசல் தெரிகிறதென்று மனம் ஒடிந்து போகிறவர்கள் உண்டு. அறுபதைக் கடந்த பலருடைய தோளில் யாதொரு வலியுமில்லாமலே கிழிசல் இருக்கிறது. ஆகவே படத்தை மட்டும் பார்த்துச் சிகிச்சை செய்வதில்லை. கை என்ன செய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அனில் கும்ப்ளே 2001-ஆம் ஆண்டில் தோளில் ரண சிகிச்சை செய்துகொண்டார். ஆஸ்திரேலியர் இந்தியாவுக்கு வந்த அவ்வருஷத்துப் புகழ்பெற்ற பந்தயங்களில் அவர் ஆடவில்லை. பிறகு திரும்பி வந்து, 2008-இல் ஓய்வு பெறும்போது டெஸ்ட் பந்தயங்களில் 619 விக்கெட்டுகள் எடுத்திருந்தார். அவருக்குப் பயிற்சிதான் உத்தியோகம். நமது வக்கீலுக்குப் பத்து மணிக்குக் கோர்ட்டு இருக்கிறது. ஆகையால் அவருக்குப் பொறுமை அதிகமாகவே வேண்டும்.

வலி நின்ற நாள்தான் அபாயமான நாள். அன்றைக்கே மட்டையை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போகத் தோன்றும். நமது சிலம்பக் கூடங்களில் கர்லாக்கட்டை சுழற்றக் கற்பிக்கும் ஆசான், முதலில் இலேசான கைக்கர்லாவைத்தான் கொடுப்பார். அது பழகிய பிறகே பெரியது. இந்தக் கட்டையைத்தான் வெள்ளைக்காரர்கள் 'இந்தியன் கிளப்' என்று தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். 1904-இலும் 1932-இலும் ஒலிம்பிக் பந்தயத்தில்கூட அதற்கு இடம் இருந்தது. ஆட்டத்துக்குத் திரும்புவதற்கும் அந்த வரிசையே தகும். முதல் இரண்டு வாரம் இடுப்புக்குக் கீழே வரும் பந்துகள் மட்டும். வலைக்கு அருகில் நின்று மெல்லத் தட்டுதல். அடுத்தபடி மார்பு மட்டம். மறுநாட் காலையில் தோள் முணுமுணுத்தால் ஒரு படி இறங்கிவிட வேண்டும். தலைக்கு மேல் எழும்பும் பந்தைக் கூட்டாளிக்கு விட்டுவிடலாம். இருவர் சேர்ந்து ஆடும் ஆட்டத்தில் அதற்காகத்தானே இன்னொருவர் பின்னால் நிற்கிறார்? ஓங்கி அடிப்பது எல்லாவற்றுக்கும் கடைசி. கணித ஆசிரியர் இன்னும் அந்தப் படிக்கு வரவில்லை. வலைக்கருகே அவர் தட்டிவிடும் பந்தை எடுக்கத்தான் எங்களில் ஒருவருக்கும் வரவில்லை.