கண் சிவந்தாலே மெட்ராஸ் ஐ தானா? ஸ்கேனில் சிக்கும் இன்னொரு நோய்!

கொட்டாம்பட்டி பக்கம் யாருக்காவது கண் சிவந்தால், "மெட்ராஸ் ஐ-யா இருக்கும், மெடிக்கல்ல சொட்டு மருந்து வாங்கிப் போடு" என்பதுதான் முதல் வைத்தியம். பல நேரம் அது மெட்ராஸ் ஐ-யாகவே இருக்கும். ஆனா பீளை இல்லை, வலிக்குது, வெளிச்சம் கூசுது, பார்வை மங்குதுன்னா கதையே வேற. அது கண்ணுக்கு உள்ளே வரும் அழற்சியாக இருக்கலாம். பெயர் யுவைட்டிஸ்.

இதில் மதுரைக்கு ஒரு பழைய அனுபவம் உண்டு. 1993 கடைசியில் பெருவெள்ளம். அதன்பிறகு 1994-ல் அரவிந்த் கண் மருத்துவமனைக்கு இந்த அழற்சியோடு வருபவர்கள் திடீரென அதிகமானார்கள். காரணம், எலிக்காய்ச்சல் கிருமி! அப்படிப் பாதிக்கப்பட்ட 73 பேரின் விவரம் 1997-ல் ஆய்வுக் கட்டுரையாக வந்தது. எலி, மாடுகளின் சிறுநீர் கலந்த தண்ணீரில் இறங்கினால் தோலில் உள்ள காயம் வழியாக இந்தக் கிருமி உள்ளே போகும். காய்ச்சல் விட்டு மாதக்கணக்கு ஆன பிறகும் கண்ணைத் தாக்கும் என்பதால், ரெண்டையும் நாம முடிச்சுப் போட்டுப் பார்ப்பதே இல்லை.

உள்ளே நடப்பதை எப்படிப் பார்ப்பது?

முதலில் ஓசிடி ஸ்கேன். தாடையை மெஷினில் வைத்துவிட்டு அசையாமல் இருந்தால் போதும். ஊசி, வலி எதுவும் கிடையாது. விழித்திரையை கேக்கை வெட்டிக் காட்டுவதுபோல அடுக்கடுக்காகக் காட்டும். எந்த அடுக்கில் வீக்கம், எங்கே நீர் கோத்திருக்கு என்பது தெரிந்துவிடும்.

அடுத்தது ஆஞ்சியோகிராம். இதயத்துக்கு எடுப்பது இல்லைங்க, கண்ணுக்கு! கை நரம்பில் ஒரு சாயத்தை ஏற்றி, அது கண்ணின் ரத்தக்குழாய்களில் எங்கே கசிகிறது என்று படம் எடுப்பார்கள். அன்னைக்கு சிறுநீர் அடர் மஞ்சளாகப் போகும், பயப்பட வேண்டாம்.

எந்த வகைன்னு தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?

இங்கதான் விஷயமே இருக்கு. யுவைட்டிஸில் 25 வகைகளுக்கு 2021-ல் சர்வதேச நிபுணர் குழு ஒன்று அடையாள விதிகள் வகுத்தது. அதற்காக 4,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகள் அலசப்பட்டன. வி.கே.எச். என்ற வகையில் உடம்பின் எதிர்ப்பு சக்தியே கண்ணைத் தாக்கும். விழித்திரைக்கு அடியில் குட்டை குட்டையாக நீர் தேங்கி நிற்பது ஓசிடியில் தெரியும். அதற்கு ஸ்டீராய்டுதான் முக்கிய மருந்து. அதே ஸ்டீராய்டை, காசநோய்க் கிருமியால் வந்த அழற்சிக்கு காசநோய் மாத்திரை இல்லாமல் தனியாகக் கொடுத்தால் நோய் முற்றிவிடும். மெடிக்கலில் சும்மா வாங்கும் சொட்டு மருந்து சிலதிலும் ஸ்டீராய்டு இருக்கு என்பதை ஞாபகம் வைச்சுக்கோங்க.

ஸ்கேன் இடத்தைக் காட்டும், கிருமியின் பெயரைச் சொல்லாது. அதுக்கு ரத்தப் பரிசோதனை வேணும். கண்ணைக் காட்டப் போன இடத்தில் டாக்டர், "சமீபத்துல காய்ச்சல் வந்துச்சா? வயல்ல இறங்குனீங்களா? வீட்ல மாடு இருக்கா?" என்று கேட்டால், இதற்காகத்தான். மறைக்காமல் சொல்லுங்க.