ரூ.99 மிதியடி உண்மையிலேயே லாபமா? தள்ளுபடி கடைக்குப் போகும் முன் இதைப் படிங்க!

திண்டுக்கல்: 'எதை எடுத்தாலும் ரூ.99' என்ற போர்டைப் பார்த்தாலே கால் தானாகக் கடைக்குள் போய்விடும். மிதியடி, டப்பா, பூட்டு என கை நிறைய அள்ளிக்கொண்டு வருவோம். ஆனால், விலை குறைவான பொருள் எல்லாம் லாபம்தானா? எதை, எப்படிப் பார்த்து வாங்குவது?

வருஷக் கணக்கு போடுங்க

ரூ.99 மிதியடி 3 மாதம்தான் தாங்குகிறது என்றால், வருஷத்துக்கு 4 வாங்க வேண்டும். செலவு ரூ.396. அதுவே ரூ.250 மிதியடி ஒரு வருஷம் உழைத்தால் ரூ.146 மிச்சம். '50% தள்ளுபடி' என்பது அச்சிட்ட எம்.ஆர்.பி.யில் இருந்து கழிப்பது. எம்.ஆர்.பி.யே கூடுதலாக இருந்தால் தள்ளுபடிக்கு அர்த்தமில்லை. எனவே, பக்கத்துக் கடை விலையோடு ஒப்பிடுங்கள்.

டிசைனைப் பார்க்காதீங்க, திருப்பிப் பாருங்க

டைல்ஸ் தரையில் மிதியடி வழுக்கினால், வீட்டில் இருக்கும் பெரியவர்கள் விழுந்து எலும்பு முறியும் ஆபத்து உண்டு. அதனால் பின்பக்கம் ரப்பர் பிடிமானம் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. கடைத் தரையிலேயே போட்டு, காலால் தள்ளிப் பாருங்கள். நகர்ந்தால் வேண்டாம். ஓரத் தையல் பிரிந்திருந்தாலும் கால் தட்டும்.

வாசலுக்குத் தேங்காய் நார் மிதியடி நல்லது. செருப்பில் ஒட்டிய மண்ணைச் சுரண்டி எடுக்கும். பாத்ரூம் வாசலுக்குத் தண்ணீரை உறிஞ்சும் பருத்தி மிதியடி ஏற்றது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அது சீக்கிரம் காயாது என்பதால் மாற்றிப் போட இரண்டாக வாங்குவது நல்லது.

டப்பா, குக்கர், பூட்டு

பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண், அது என்ன வகை பிளாஸ்டிக் என்பதை மட்டுமே சொல்லும். சாப்பாடு வைக்கலாமா என்பதற்கு, கிளாஸும் ஃபோர்க்கும் உள்ள குறியீடு இருக்கிறதா எனத் தேடுங்கள்.

பிரஷர் குக்கருக்கு 2021 பிப்ரவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரையுடன் உள்ள உரிம எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால் அசலா, போலியா எனத் தெரிந்துவிடும்.

பூட்டு வாங்க திண்டுக்கல்காரர்கள் தள்ளுபடி கடைக்குப் போகணுமா? 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது திண்டுக்கல் பூட்டு. செய்பவர்கள் ஊரிலேயே இருப்பதால், சாவி தொலைந்தாலும் பழுதானாலும் கொண்டுபோய்க் கொடுக்க இடம் இருக்கிறது.

பில் வாங்க மறக்காதீங்க

'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என எழுதி வைத்திருந்தால் அவ்வளவுதானா? இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாள் அவகாசம் உண்டு. பில் தர மறுப்பதும் இதே சட்டப்படி தவறு. பேக் செய்த பொருளுக்கு எம்.ஆர்.பி.க்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது.

புகார் சொல்ல, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். ரூ.99 பொருளாக இருந்தாலும் இந்த உரிமை உண்டு!