பூட்டிய பெட்டிக்குள் 58 கிலோ நெல் மாயம்!

விழுப்புரத்துக்குப் பக்கத்தில் ஓர் உழவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 2010-ம் ஆண்டு ஒரு குவிண்டால் நெல்லை விற்றார். குவிண்டால் என்றால் 100 கிலோ. அந்தப் பருவத்துக்கு மத்திய அரசு நிர்ணயித்த விலை 1,000 ரூபாய். பத்து நூறு ரூபாய் நோட்டுகள்! "மகள் கல்யாணத்துக்கு ஆகட்டும்" என்று தகரப்பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

2025-ல் பெட்டியைத் திறந்தார். நோட்டு ஒன்றுகூடக் குறையவில்லை. ஆனால் நெல் விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய் ஆகிவிட்டது. அவருடைய 1,000 ரூபாய்க்கு இப்போது கிடைப்பது 42 கிலோ நெல்தான்.

மீதி 58 கிலோ எங்கே போயிற்று?

திருடன் யார்?

பூட்டை யாரும் உடைக்கவில்லை. விலைவாசி ஏற ஏற, பணம் இருந்த இடத்திலேயே தேய்ந்தது. இதைத்தான் பணவீக்கம் என்கிறார்கள். பெயரில்தான் வீக்கம், பணத்துக்கு மெலிவு!

"நெல் விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியதே, உழவருக்கு லாபம்தானே?" என்று கேட்கலாம். அதுதான் இல்லை. மத்திய அரசின் தொழிலாளர் பணியகம் அரிசி, பருப்பு, துணி ஆகியவற்றின் விலையை மாதந்தோறும் கணக்கெடுக்கிறது. அதன்படி பார்த்தால், அதே காலத்தில் குடும்பச் செலவும் ஏறக்குறைய அதே அளவு ஏறியிருக்கிறது. கூடுதல் விலை வாங்கியும், உழவர் நின்ற இடத்திலேயே நிற்கிறார்.

பாட்டி முடிந்த பணம்

இந்த உழவரின் பாட்டி திண்டிவனத்துக்காரி. 1960-ல் அவளும் 100 ரூபாயைச் சேலைத் துணியில் முடிந்து வைத்தாள் என்று கொள்வோம். அன்று அது பெரிய தொகை. பணியகத்தின் கணக்கை வைத்துப் பார்த்தால், 1960-ல் ஒரு ரூபாய்க்கு வாங்கியதை 2024 கடைசியில் வாங்க சுமார் 94 ரூபாய் வேண்டும். பாட்டியின் முடிச்சில் இருந்த நூறு ரூபாய், அவள் காலத்து ஒரு ரூபாய்ச் சொச்சமாகச் சுருங்கிவிட்டது!

பொருள் குறைந்தால் விலை துள்ளும். 1965, 1966-ம் ஆண்டுகளில் மழை பொய்த்து, நாடெங்கும் தானியத் தட்டுப்பாடு. 1967 தேர்தலில் அரிசியே பெரும் பேச்சாயிற்று. வெற்றி பெற்ற அண்ணாவின் அரசு, ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டத்தைச் சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது.

மகள் கல்யாணத்துக்கு எவ்வளவு?

விலைவாசி ஆண்டுக்கு நூற்றுக்கு ஆறு வீதம் ஏறினால், 12 ஆண்டில் இரு மடங்காகும். மகள் பிறந்த அன்று பெட்டியில் வைத்த பணம், அவள் ஏழாம் வகுப்புக்குப் போகும்போது பாதி. 24 வயதில் மணமேடை ஏறும்போது கால் பங்கு!

வங்கியில் போட்டால் வட்டி வரும். ஆனால் வட்டி ஐந்து, விலையேற்றம் ஆறு என்றால், அங்கேயும் தேய்மானம்தான், கொஞ்சம் மெதுவாக. கடன் வாங்கியவருக்கு மட்டும் இதில் ஒரு சின்னச் சந்தோஷம். அவர் திருப்பிக் கொடுப்பது மெலிந்த ரூபாய்!

பாட்டியின் முடிச்சில் ஒரு நாலணாக் காசும் இருந்தால், அதற்கு அந்தக் கணக்கும் இல்லை. 25 பைசாவும் அதற்குக் குறைந்த காசுகளும் 2011 ஜூன் 30-ந் தேதியோடு செல்லாமல் போய்விட்டன.